குழவியின் செவி

(தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மழலையர் கல்வியும் தாய்மொழியும்' என்று என் உரைக்குத் தலைப்பு இட்டிருக்கின்றனர். மழலையர் கல்வி என்றவுடன் மூன்று அகவைப் பிள்ளையும், அதன் சீருடையும், கழுத்துப்பட்டையும், முதுகை வளைக்கும் பையும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. நான் பேசப்போவது அதற்கும் முந்திய கல்வியைப் பற்றி. எழுந்து நிற்கவும் இயலாத பருவத்தில், தாயின் மடியிலேயே தொடங்கிப் பெரும்பகுதி முடிந்தும் விடுகின்ற ஒரு கல்வி அது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்தார் அதனை ஆய்ந்து வருகின்றனர். நம் மேடைகளில் அது பேசப்படுவதில்லை. எழுத்தைப் பற்றியும் சொல்லைப் பற்றியும் நாம் பேசியிருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கேனும் செவியைப் பற்றிப் பேசியிருக்கின்றோமா என்பது ஐயமே.

நான் இதில் இறங்கியதற்கு ஒரு வீட்டுக் கரணியம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் பெயர்த்தியை ஆங்கிலவழி மழலையர் பள்ளி ஒன்றில் சேர்க்க என் மகனும் மருமகளும் சென்றனர். பள்ளியின் பெயர் வேண்டா. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள், கூடவே ஓர் அறிவுரையும் சொல்லி அனுப்பினார்கள்: "இனி வீட்டில் தமிழ் பேசாதீர்கள், குழந்தை குழம்பிவிடும்." அன்று மாலையே தொடங்கிற்று. கம், சிட், ஈட், நோ. என் மகன் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மடல் எழுதுபவன். ஆயினும், மழை பெய்யும்பொழுது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயிற்படியில் நின்று என்ன சொல்வது என்பதற்கு அவனிடத்தில் ஆங்கிலம் இல்லை. மருமகளிடத்தில் அவ்வளவும் இல்லை. ஆகவே கட்டளைகள் மட்டும் எஞ்சின. 'அது என்ன, இது ஏன், காக்கை எங்கே போயிற்று' என்னும் பேச்செல்லாம் நின்றது. அப்பொழுது அவ்வீட்டில் ஆறு திங்கள் நிறைந்த பெயரன் ஒருவனும் இருந்தான். அவனோடும் எவரும் பேசவில்லை. கைப்பேசியில் ஆங்கிலப் பாட்டொன்று அவன் முன்னே ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சினந்து பேசினேன். மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அப்பா, உங்களுக்கு மொழிப்பற்று. அதைக் கொண்டு என் பிள்ளைகளின் வாழ்வை அளக்காதீர்கள். சான்று இருந்தால் கொண்டுவாருங்கள், கேட்டுக்கொள்கிறேன்."

அவன் கேட்டது முறையான வினா. பற்று வேறு, சான்று வேறு. ஆகவே அகவை முதிர்ந்த காலத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் படிக்கத் தொடங்கினேன். படித்ததையே உங்கள்முன் வைக்கின்றேன்.

பேசத் தெரியாத குழவியிடம் 'உனக்கு என்ன கேட்கிறது' என்று எப்படிக் கேட்பது? இதுதான் ஆய்வாளர்களுக்கு முதல் தடையாய் இருந்தது. 1971ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டில் பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஐமாசு என்பவரும் அவர்தம் குழுவினரும் ஒரு வழி கண்டார்கள். குழந்தையின் வாயில் ஒரு சூப்பானை வைத்து, அதனை அளவுக் கருவியோடு இணைத்தார்கள். குழந்தை சூப்பினால் ஓர் ஒலி கேட்கும். புதிய ஒலியாயின் குழந்தை விரைந்து சூப்பும். அதே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் சலித்துப்போய் விரைவு குறையும். அந்நேரத்தில் ஒலியைச் சற்றே மாற்றுவார்கள். குழந்தைக்கு மாற்றம் தெரிந்தால் மீண்டும் விரைந்து சூப்பும்; தெரியாவிடில் சலிப்பு நீடிக்கும். ஒரு திங்களும் நான்கு திங்களும் ஆன குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். ஆங்கிலத்தின் வல்லொலிப் பகரத்தையும் மெல்ல அதிரும் பகரத்தையும் அக்குழந்தைகள் பிரித்தறிந்தன. நம் எழுத்தில் இவ்விரண்டுக்கும் 'ப' ஒன்றே. 'பல்' என்பதிலும் 'அம்பு' என்பதிலும் இடம் நோக்கி ஒலி மாறும். ஒரு திங்கட் குழவிக்கு அவ்வேறுபாடு கேட்கிறது என்பதே அன்றைய அறிவுலகுக்குப் பெருவியப்பாய் இருந்தது.

இதனினும் நமக்கு நெருக்கமானது இதன்பின் வந்தது. கனடா நாட்டின் வான்கூவர் நகரில் சானட்டு வெர்க்கர் என்னும் அம்மையாரும் ரிச்சர்டு தீசு என்பாரும் செய்த ஆய்வு அது, வெளிவந்தது 1984இல். அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஒலிகள் இந்தி மொழியின் 'டா', 'தா' என்னும் இரண்டு. அவை இந்திக்கு மட்டும் உரியவை அல்ல. நுனிநா அண்ணத்தைத் தொடப் பிறக்கும் டகரமும், நாநுனி பல்லடியில் பரந்து பொருந்தப் பிறக்கும் தகரமும் நமக்கு அகரமுதல் தெரிந்தவை. தொல்காப்பியர் பிறப்பியலில் இவ்விரண்டின் பிறப்பிடங்களையும் தனித்தனியே வகுத்துக் காட்டியிருக்கின்றார். 'பட்டு' வேறு, 'பத்து' வேறு என்பதில் நமக்கு ஐயமே எழுவதில்லை. ஆனால் ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். எத்தனை முறை சொன்னாலும் பெரும்பாலோர்க்கு வேறுபாடு பிடிபடுவதில்லை.

ஆய்வு நடந்த முறையைக் கேளுங்கள். குழந்தை தாயின் மடியில் இருக்கும். பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கி. அதனருகே இருண்ட கண்ணாடிப் பெட்டி. ஒலிபெருக்கியில் 'தா, தா, தா' என்று வந்துகொண்டே இருக்கும். திடீரென்று 'டா' ஆகும். அந்நொடியில் குழந்தை தலையைத் திருப்பினால் பெட்டிக்குள் விளக்கெரிந்து விளையாட்டு விலங்கொன்று ஆடிக்காட்டும். அந்த ஆட்டத்தைப் பார்க்கும் விருப்பத்தில், ஒலி மாறும்பொழுதெல்லாம் தலைதிருப்பக் குழந்தை கற்றுக்கொள்ளும். தாய் அறியாமல்கூடக் குறிப்புக் காட்டிவிடக் கூடாதென்று அவள் செவிகளை வேறு இசையால் மூடிவிடுவார்கள்.

கண்ட முடிவு என்ன? ஆங்கிலமே பேசும் இல்லங்களில் பிறந்து, இந்தியை ஒருநாளும் கேட்டறியாத குழந்தைகள், ஆறு முதல் எட்டுத் திங்கள் பருவத்தில் டகரத்தையும் தகரத்தையும் தெளிவாகப் பிரித்தறிந்தன. தாய்க்குக் கேட்காத வேறுபாடு மடியிலிருந்த மகவுக்குக் கேட்டது! எட்டு முதல் பத்துத் திங்களில் அவ்வாற்றல் தளர்ந்தது. பத்து முதல் பன்னிரண்டு திங்களில் மிகச்சில குழந்தைகளிடமே அது எஞ்சியிருந்தது. அதே அகவையில், இந்தி பேசும் இல்லத்துக் குழந்தைகளிடமோ அது குறையவேயில்லை.

அதே ஆய்வில் இன்னொரு மொழியின் ஒலிகளும் சேர்க்கப்பட்டிருந்தன. கனடாவின் தாம்சன் ஆற்றங்கரைத் தொல்குடி மக்களின் மொழி. சாலிசு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் அடித்தொண்டை ஒலிகளிலும் இதே முடிவுதான் கிடைத்தது. அம்மொழியை நன்கு பேசுவோர் இன்று மிகச் சிலரே. உலகின் எந்தக் குழந்தைக்கும் ஆறாம் திங்களில் அவ்வொலி கேட்கும். அவற்றின் காதருகே அதை ஒலிக்க வாய்தான் இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

சப்பானியர்க்கு ஆங்கிலத்தின் ரகர லகரங்கள் ஒன்றாய்க் கேட்பதை அறிவீர்கள். 2006இல் பத்திரிசியா கூல் என்னும் அம்மையாரின் குழுவினர் அமெரிக்கக் குழந்தைகளையும் சப்பானியக் குழந்தைகளையும் ஒருங்கே ஆய்ந்தார்கள். ஆறு முதல் எட்டுத் திங்களில் இருதிறத்தாரும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தனர். பத்து முதல் பன்னிரண்டு திங்களில் அமெரிக்கக் குழந்தைகள் ஏறினர். சப்பானியக் குழந்தைகள் இறங்கினர். இதனை நோக்குங்கள். பயன்படாதது தேய்கிறது என்பது ஒருபாதி. கேட்கின்ற மொழியில் செவி கூர்மையடைகிறது என்பது மறுபாதி. குழந்தை ஒன்றும் செய்யாமல் படுத்திருப்பதாக நாம் எண்ணும் அவ்வாண்டில், அது தன் மக்களின் மொழிக்கென்று செவியைத் தீட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தொழில் கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாளும் ஆகாத குழவிகள் வேற்றுப் பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்பிக் கேட்டதை 1980இல் தெகாசுப்பர், பைபர் என்னும் இருவர் காட்டினர். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. பிறந்து சில நாள்களே ஆன பிரெஞ்சுக் குழவிகள் முப்பதும் செருமன் குழவிகள் முப்பதும் அழும் அழுகையைப் பதிவுசெய்து அளந்து பார்த்தனர். பிரெஞ்சுக் குழவிகளின் அழுகை பெரும்பாலும் தாழ்ந்து தொடங்கி ஏறிற்று. செருமன் குழவிகளின் அழுகை ஏறித் தொடங்கித் தாழ்ந்தது. அவ்வம்மொழிப் பேச்சின் ஏற்ற இறக்கமும் அவ்வாறே. குழந்தை அழும்பொழுதே தாய்மொழியின் சாயல் வந்துவிடுகிறது.

நம் முன்னோர்க்கு இக்கருவிகள் இல்லை. ஆயினும் பிள்ளைத்தமிழ் வகுத்தவர்கள் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று திங்கள் முறையில் பருவங்களை அடுக்கினார்கள். தலையைத் தூக்கி ஆடுவது முதலில், கைகொட்டுவது பின்னர், நடந்து வருவது அதற்கும் பின்னர். தால் என்றால் நாக்கு; நாவை ஆட்டிப் பாடுவதே தாலாட்டு. இதனை வைத்து எல்லா அறிவியலும் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டிக்கொள்ள நான் வரவில்லை. அப்படித் தட்டித்தட்டியே நாம் படிக்காமற் போனோம். தாலாட்டு என்பது உறங்கவைக்கும் ஓசை மட்டுமன்று என்பதை நினைவூட்டவே சொன்னேன்.

இனிக் கைப்பேசிக்கு வருகிறேன். 'நாங்கள் பேசாவிட்டால் என்ன, பாட்டு ஓடுகிறதே, படத்தில் பேசுகிறார்களே, குழந்தை கேட்டுக் கற்காதா' என்று என் மருமகள் கேட்டாள். இதே வினாவை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூல் அம்மையார் எடுத்துக்கொண்டார். ஆங்கில இல்லத்து ஒன்பது திங்கட் குழந்தைகளைக் கொண்டுவந்து, சீன மொழி பேசுவோரைக் கீழே அமரவைத்து, படநூல் காட்டியும் விளையாடியும் குழந்தைகளோடு சீனத்தில் பேசச்செய்தார். ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து மணித்துளி. இவ்வாறு பன்னிரண்டு முறை. நான்கைந்து கிழமைகளில் முடிந்தது. எல்லாம் சேர்ந்து ஐந்து மணி நேரமே. அதன்பின் ஆய்ந்தபொழுது, சீனத்திற்கே உரிய ஒலி வேறுபாட்டை அக்குழந்தைகள், பிறந்ததிலிருந்து சீனம் கேட்டு வளர்ந்த தைவான் குழந்தைகளுக்கு ஒப்ப அறிந்தன. மற்றொரு கூட்டக் குழந்தைகளுக்கு அதே ஆள்கள், அதே நூல்கள், அதே சொற்கள், ஆனால் தொலைக்காட்சித் திரையில். இன்னொரு கூட்டத்திற்கு ஒலிப்பதிவு மட்டும். இவ்விரு கூட்டத்தாரும் கற்றது ஒன்றுமில்லை. சீனத்தையே கேளாத குழந்தைகள் எந்நிலையில் இருந்தனவோ அந்நிலையிலேயே இருந்தன. 2003இல் இது வெளிவந்தது.

இவ்வாய்வை நான் மூன்று முறை படித்தேன். திரையில் தோன்றியவளும் பெண்தான். பேசியதும் அதே பேச்சுத்தான். ஆனால் குழந்தை சிரித்தால் அவள் திரும்பிச் சிரிப்பதில்லை. குழந்தை பார்த்த இடத்தை அவள் பார்ப்பதில்லை. குழந்தை நீட்டிய பொருளுக்கு அவள் பெயர் சொல்வதில்லை. தன்னை நோக்கிப் பேசும் உயிருள்ள ஆளிடமிருந்தே அப்பருவத்துக் குழவி மொழியை வாங்குகிறது.

அகவை ஏறிய பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2018இல் அமெரிக்காவில் நான்கு முதல் ஆறு அகவை வரையுள்ள முப்பத்தாறு பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, அவர்தம் மூளையின் இயக்கத்தையும் படம்பிடித்தார்கள். பிள்ளையின் காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவர் ஒன்று சொல்லப் பிள்ளை ஒன்று சொல்ல மாறிமாறி நடந்த உரையாடலின் அளவே மூளையின் மொழிப் பகுதியின் இயக்கத்தோடு பொருந்தி வந்தது. ஏழை வீட்டிலும் செல்வர் வீட்டிலும் இவ்வாறே. பேச்சுக்குப் பேச்சு கொடுக்க வேண்டுமானால், பெற்றோர்க்கு நா தடையின்றி ஓடும் மொழி வேண்டும். கம், சிட், நோ என்பவற்றுக்குக் குழந்தை என்ன மறுமொழி சொல்லும்?

இவ்விடத்தில் நம்மவர்க்குச் சற்றுக் கசப்பானதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்று பள்ளியில் சொன்னார்கள் அல்லவா? அதே அச்சத்தை மறுபக்கம் திருப்பி, ஆங்கிலம் காதில் விழுந்தால் தமிழ் கெடும் என்று நம் மேடைகளிலும் சிலர் சொல்கின்றனர். ஆய்வுகள் இவ்விரண்டையும் ஒப்பவில்லை. கருவுற்ற காலத்தில் ஆங்கிலமும் பிலிப்பைனின் தகாலோகு மொழியும் ஒருங்கே பேசிய தாய்மாரின் குழவிகளை வெர்க்கர் அம்மையாரின் குழுவினர் ஆய்ந்து 2010இல் வெளியிட்டனர். பிறந்த குழவிகள் அவ்விரு மொழிகளையும் விரும்பிக் கேட்டன. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தும் அறிந்தன. பல மொழி வழங்கும் ஊர்களில் பிறந்த குழந்தைகள் பல மொழி பேசியே வளர்கின்றன. ஆகவே, ஆங்கிலம் நஞ்சு என்று என் மகனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். பெற்றோர் தம் வாய்மொழியைப் பூட்டிவைத்துவிட்டுத் தமக்கே வாராத மொழியில் பத்துச் சொற்களைக் கொண்டு பிள்ளையை வளர்ப்பதே கேடு என்றேன். அங்கே பிள்ளை இழப்பது தமிழை மட்டுமன்று, பேச்சையே இழக்கிறது.

செவிக்கதவு ஓராண்டில் அடியோடு சாத்தப்படுகிறது என்றும் கொள்ளவேண்டா. வளர்ந்தவரும் உழைத்துப் பிறமொழி ஒலிகளைக் கற்கின்றனர். குழந்தைப் பருவத்தின் முதல் ஓரிரண்டு ஆண்டு இந்தி கேட்டுவிட்டுப் பின் ஆங்கிலச் சூழலிலேயே வளர்ந்தவர்கள், பெரியவர்கள் ஆனபின்பும் டகர தகர வேறுபாட்டை உணர்ந்ததை வெர்க்கரும் தீசும் கண்டனர். மடியில் கேட்டது எங்கோ ஓரிடத்தில் தங்கியிருக்கிறது.

இன்னொன்று நம்மை நோக்கியே சொல்ல வேண்டும். 'ழகரம் அழிகிறதே' என்று நாம் வருந்துகிறோம். பள்ளி ஆசிரியரைக் கடிகிறோம். தொலைக்காட்சி அறிவிப்பாளரைக் கடிகிறோம். நம் வீடுகளில் வழங்குவது என்ன? தெற்கே 'வாளப்பளம்', சென்னைப் பக்கத்தில் 'வாயப்பயம்'. ஆறாம் திங்களிலிருந்து அதைக் கேட்ட செவிக்கு ஆறாம் அகவையில் ழகரத்தை எழுதிக் காட்டினால் எப்படி ஏறும்? தமிழ் ழகரத்தை வைத்து ஆய்ந்த முடிவாக இதனை நான் சொல்லவில்லை. மேலே சொன்னவற்றிலிருந்து நானாக எண்ணியது. எழுத்துச் சீர்திருத்தத்திற்குக் கூட்டம் போடும் நாம், வீட்டில் குழந்தையைத் தூக்கும்பொழுது 'பழம்' என்று சொல்கிறோமா என்பதைத் தத்தம் மனைவியரிடம் கேட்டறிக.

என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்கின்றீர்கள். கைச்செலவு ஒன்றும் இல்லை. குளிப்பாட்டும்பொழுது தண்ணீரையும், சோறூட்டும்பொழுது பருப்பையும், வாயிலில் நின்றால் ஆட்டையும் மாட்டையும் சொல்லுங்கள். குழந்தை 'ங்கு' என்றால் ஒரு நொடி பொறுத்து, 'ஆமாம், அப்படியா' என்று மறுமொழி கொடுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவள் மடியில் விடுங்கள். அவளுக்குச் சொல்லவேண்டியவை நிறைய இருக்கும். வேலைக்குச் செல்லும் தாய்மார் நெஞ்சில் குற்றவுணர்வு கொள்ளவேண்டா. சியாட்டில் குழந்தைகள் கற்றது ஐந்து மணி நேரத்தில் என்பதை நினையுங்கள். ஆண்களும் பேசலாம். தந்தை வாய்திறந்தால் பிள்ளை வேண்டாமென்றா சொல்லும்?

ஊர்ப்புறக் குழந்தைகள் நடுவங்களை ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் இடமென்று ஏளனமாய் நினைப்போர் உண்டு. அங்கே பணிபுரியும் அம்மா தமிழில் கதை சொல்கிறாள், பாடுகிறாள், பெயர் சொல்லி அழைக்கிறாள். கட்டணம் வாங்கி 'வீட்டில் பேசாதே' என்று சொல்லியனுப்பும் இடத்தைவிட, குழந்தை வளர்ச்சி நூல்கள் கூறும் முறைக்கு அவள் நெருங்கியவள். 1953இலேயே ஐ.நா. கல்வி அமைப்பாகிய யுனெசுக்கோ, தாய்மொழியே குழந்தைக்குத் தொடக்கக் கல்வி மொழியாதல் வேண்டும் என்று எழுதிவிட்டது. நாம்தாம் இன்னும் விண்ணப்பப் படிவத்தோடு வரிசையில் நிற்கிறோம்.

என் மகனிடம் இவற்றையெல்லாம் ஒருநாள் மாலை எடுத்துச் சொன்னேன். அவன் உடனே ஒப்பவில்லை. சீனமொழி ஆய்வில் குழந்தைகள் எத்தனை பேர், வேறெவரேனும் செய்து பார்த்தார்களா என்று குறுக்கே கேட்டான். எனக்குத் தெரிந்தவற்றைச் சொன்னேன். பெயர்த்தியை அந்தப் பள்ளியிலிருந்து அவன் எடுக்கவில்லை; அவள் இன்றும் அங்கேதான் படிக்கிறாள், ஆங்கிலமும் நன்றாகவே பேசுகிறாள். ஆனால் அன்றிரவு அவன் கைப்பேசியை நிலைப்பேழையின் மேல் வைத்துவிட்டுச் சிறுவனைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். நெடுநேரம் இறங்கி வரவில்லை. நிலவைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது கீழே கேட்டது. பையன் அதற்கு 'த்தா, த்தா' என்றான்.

உங்கள் வினாக்களைக் கேட்கக் காத்திருக்கிறேன்.